பிளக்ஸில் இல்லாத தாய்மாமன்

1

என் கைப்பேசிக்கு நேரங்காலம் தெரியாது. இன்று காலை தோசைக்கல்லில் மாவை ஊற்றிய நேரம் பார்த்து, ‘ஒரு வருடத்துக்கு முன், இதே நாள்’ என்று ஒரு படத்தை எடுத்து நீட்டியது. ஓரங்களில் பூக்கள் மிதந்தன. பின்னணியில் மெல்லிய வீணை வேறு.

படத்தில் இருந்தது ஒரு பிளக்ஸ் பேனர். என் தங்கை மகள் யாழினியின் காதணி விழாவுக்கு அடித்தது. அதில் குழந்தை இருக்கிறாள். அவள் அப்பா, அம்மா, தாத்தா, பெரியப்பா, சித்தப்பா, சித்தப்பாவின் நண்பர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். அந்த நண்பர்களில் ஒருவர் தன் நாயைக் கையில் பிடித்தபடி இருக்கிறார். நாயும் கேமராவைத்தான் பார்க்கிறது. தாய்மாமனாகிய நான் மட்டும் இல்லை.

இந்தப் படத்தைப் பார்த்துத்தான் போன வருடம் எனக்குப் புத்தி கழன்றது. கைப்பேசி அதை இனிய நினைவு என்கிறது. என் மனைவி ரேவதி எட்டிப் பார்த்தாள்.

“ஓ, உங்க வீரதீரத்துக்கு ஒரு வயசு ஆயிருச்சா? கேக்கு வெட்டுவமா?”

தோசை கருகிவிட்டது. சரி, கருகினது கருகிவிட்டது, இதையாவது எழுதிவைப்போம் என்று உட்கார்ந்தேன். வெளிநாட்டில் இருப்பவன் நிதானமானவன், வரிசையில் நிற்பவன், சத்தம் போடாதவன் என்று ஊரில் உங்களுக்கெல்லாம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. வரிசையில் நிற்பேன். மற்ற இரண்டுக்கும் நான் பொறுப்பில்லை.

2

எனக்குச் சொந்த ஊர் சின்னாளபட்டிக்குக் கிழக்கே ஒரு பூக்காட்டுக் கிராமம். மீசை கறுப்பாக இருந்த காலத்தில் திண்டுக்கல்லை விட்டுக் கிளம்பியவன். இப்போது ஜெர்மனியின் தெற்கே ஒரு சின்ன ஊரில், அட்டைப் பெட்டி மடிக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறேன். இயந்திரம் திடீரென்று நின்று, முதலாளி முதல் மேஸ்திரி வரை கையைப் பிசையும்போது நான் பதறவே மாட்டேன். தேநீரை உறிஞ்சிக்கொண்டே போய் மூடியைக் கழற்றுவேன். ‘மலை மாதிரி மனுஷன்’ என்று ஆலையில் எனக்குப் பெயர்.

அந்த மலை, குடும்பக் குழுவில் தான் போட்ட பனிக்காலப் படத்துக்கு யாரும் கைதட்டவில்லை என்றால் அன்று முழுக்கச் சாப்பிடாது.

எங்கள் குழுவின் பெயர் ‘நம்ம சொந்தம் 2’. ஒன்று என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒரு கல்யாணப் பந்தியில் ரசம் ரசமாக இருந்ததா, வெந்நீராக இருந்ததா என்ற விவாதத்தில் அது உடைந்துபோனது. இரண்டிலும் நான் உண்டு. காலையில் கண் திறந்ததும் குழுவைத்தான் திறப்பேன். ரோஜாப்பூ, காலை வணக்கம், சாமி படம், யாருக்கோ ரத்தம் தேவை, மறுபடி ரோஜாப்பூ. எல்லாவற்றையும் பார்த்து முடித்தபின் என் பழைய படத்துக்குப் போவேன். யார் பார்த்தார்கள், பார்த்துவிட்டும் யார் வாய் திறக்கவில்லை என்று ஆராய்வேன். வாய் திறக்காதவர்களிடம் மனதுக்குள்ளேயே சண்டை போட்டு, நானே ஜெயித்து, பல் துலக்கப் போவேன்.

என் மகள் மது பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது, பிள்ளைகளும் கைப்பேசியும் பற்றிப் பேசவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பெற்றோர்களைக் கூப்பிட்டார்கள். கவலை தோய்ந்த முகத்தோடு முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஆசிரியை கேட்டுக்கொண்டே போனார். எழுந்ததும் முதலில் அதைத் தேடுகிறார்களா? சாப்பிடும்போது மேசைக்கு அடியில் பார்க்கிறார்களா? வாங்கி வைத்தால் எரிந்து விழுகிறார்களா? பார்த்து முடித்தபின் மனநிலை முன்னைவிட மோசமாகிறதா? ஒவ்வொன்றுக்கும், ஐயோ ஆமாம் என்று தலையாட்டினேன். பக்கத்தில் இருந்த அம்மையார் என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது மது சொன்னாள். அவளுடைய தமிழ் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கற்றது, அச்சுக்கோத்ததுபோல இருக்கும்.

“அப்பா, ஆசிரியை சொன்னவை எல்லாம் நீங்கள்தான்.”

“நானா? நான் ஊரோட தொடர்புல இருக்கேன்மா.”

“சாப்பிடும்போதுமா?”

“ஊர்ல அப்ப எல்லாரும் முழிச்சிருப்பாங்கல்ல.”

“எனக்கும் அந்தக் குழுவைக் காட்டினீர்கள். எனக்கு அங்கே ரோஜாப்பூவை மட்டும்தான் தெரியும்” என்றாள். சிரித்துவிட்டேன். சிரிக்கக்கூடிய விஷயம் இல்லை என்று பிறகுதான் தோன்றியது.

3

போன வருடம் தங்கை கவிதா கூப்பிட்டாள். அவளை நாங்கள் கட்டிக்கொடுத்தது தொப்பம்பட்டிப் பக்கம். மாப்பிள்ளை சிவக்குமார் திண்டுக்கல்லில் பேகம்பூருக்குப் பக்கத்தில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருக்கிறார். குடியிருப்பும் அங்கேதான்.

“அண்ணே, பாப்பாவுக்கு மொட்டையெடுத்துக் காது குத்தணும். அவுக குலசாமி கோயில்ல. ஒன் மடியிலதான் உக்காரணும். வருவியா, இல்ல பனி பேயுது மழை பேயுதுன்னு சொல்லுவியா?”

“வாரேன்டி. பறந்தாவது வாரேன்.”

“பறந்துதான வரணும், பின்ன நடந்தா வருவ?”

இங்கே கோடை விடுமுறையை ஆலையில் எல்லாரும் தை மாதமே பங்கு போட்டு முடித்துவிடுவார்கள். நான் கேட்ட வாரத்தில் இடமில்லை. மனிதவள அலுவலகத்தில் ஒரு பெண்மணி இருக்கிறார், கண்டிப்பானவர். அவர் முன்னால் உட்கார்ந்து என் ஜெர்மன் மொழியில் விளக்கினேன். என் ஜெர்மன் பல்சக்கரங்களுக்காகக் கற்றது. மடிக்கு அது பழக்கமில்லை.

“என் தங்கையின் குழந்தை என் தொடைமேல் உட்காரும். ஒருவர் வந்து ஊசியால் குத்துவார்” என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “அந்த ஒருவர் மருத்துவரா?”

“இல்லை. நகை செய்பவர்.”

“எங்கே நடக்கும்? மருத்துவமனையிலா?”

“மரத்தடியில். ஒரு ஆடும் இருக்கும்” என்று தொடங்கி, ஆட்டின் கதி என்ன என்று கேட்டுவிடுவாரோ என்று நிறுத்திக்கொண்டேன்.

“வேறு யாருடைய தொடையும் ஆகாதா?”

அந்தக் கேள்வியில் எனக்குள் எங்கிருந்தோ பெருமிதம் எழும்பியது. “ஆகாது. தாயின் சகோதரன் தொடைதான். அதற்கு மாற்று கிடையாது” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் என்னையும் என் தொடையையும் ஒருமுறை பார்த்துவிட்டு, ‘ஈடுசெய்ய முடியாத நபர்’ என்று காரணம் எழுதி விடுப்பு கொடுத்தார். ஒரு அரசாங்கமே சான்றிதழ் கொடுத்த மாதிரி நடந்து வந்தேன். அன்று இரண்டு பேருக்குத் தேவையே இல்லாமல் காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

4

கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது, ஆலை உணவகத்தில் உருளைக்கிழங்கைக் குத்திக்கொண்டிருந்தேன். மேசைக்கு அடியில் குழு துடித்தது. மாப்பிள்ளையின் அக்கா அமுதா, அவர்தான் குழுவின் நிர்வாகி, பிளக்ஸ் படத்தைப் போட்டிருந்தார். ‘சூப்பர்’, ‘அருமை’, ‘பாப்பா இளவரசி’ என்று வரிசையாக விழுந்தன.

இரண்டு விரலால் படத்தை விரித்தேன். மேல் வரிசையில் என்னைக் காணோம். நடு வரிசையிலும் காணோம். கீழே அஞ்சல்தலை அளவில் முகங்கள் இருக்கும் வரிசைக்குப் போனேன். அங்கேதான் நாயைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை ஒரு விபத்து அறிக்கையைப் போலத்தான் சொல்ல முடியும். எழுந்தேன். வாகன நிறுத்துமிடத்துக்குப் போனேன். ஒலிவாங்கிப் பொத்தானை அமுக்கினேன். குழுவில், எல்லாச் சொந்தங்களும் கேட்க, குரல் கொடுத்தேன்.

“என்னங்க மாப்ள, பிளக்ஸு அடிச்சிருக்கீகளே பிளக்ஸு, அதுல நாய்க்கு எடம் இருக்கு, தாய்மாமனுக்கு எடமில்லையா? எங்க வீட்டுப் பொண்ணக் கட்டலேன்னா நீ இந்நேரம் தொப்பம்பட்டியில சொட்டுச் சொட்டாத் தண்ணிய எண்ணிக்கிட்டு இருந்திருப்ப! குழாய் விக்கிறவனுக்கு மொற எங்க தெரியப்போவுது? மடி மட்டும் வேணும், மூஞ்சி வேணாமா?”

முதல் வரியில் இருந்த ‘ங்க’ இரண்டாவது வரியில் எங்கே போனது என்று எனக்கே தெரியாது. அனுப்பினேன். அனுப்பின சூட்டிலேயே குழுவைவிட்டு வெளியேறினேன். புகைபிடிக்க வந்திருந்த சக ஊழியர், “வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா?” என்று கேட்டார். “இன்னும் இல்லை” என்றேன்.

செத்த நேரம் உடம்பெல்லாம் லேசாக இருந்தது. பெரிய வேலையை முடித்தவன்போலப் போய் ஆறிப்போன உருளைக்கிழங்கைத் தின்றேன். அப்போதுதான் ஒரு உண்மை உறைத்தது. குழுவைவிட்டு வெளியேறினவனுக்கு, அதன்பிறகு அங்கே என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது! கைப்பேசியைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன். யார் யார் கடைசியாக எப்போது வந்துபோனார்கள் என்று ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தேன். எல்லாரும் வந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்றபின் கைப்பேசியைத் தொடாத எங்கள் பெரியப்பாகூட வந்திருந்தார்.

பிற்பகலில் மாப்பிள்ளையிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். தொப்பம்பட்டிக்காரர்களிடம் இதுதான் கஷ்டம். எவ்வளவு கோபம் வந்தாலும் மரியாதை மட்டும் போகவே போகாது.

‘சரிங்க மச்சான்.’

அவ்வளவுதான்.

5

மறுநாள் செல்வம் வீடியோவில் வந்தான். என் சித்தப்பா மகன். ஊரில் செண்டுமல்லி போட்டிருக்கிறான். தினமும் காலையில் மொபெட்டில் பூமூட்டையைத் திண்டுக்கல் மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, வரும் வழியில் யாழினியைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது அவன்தான்.

“என்னண்ணே இப்பிடிப் பண்ணிட்ட?”

“ஏலே, நாயப் பாத்தியாலே நீயி?”

“நாய விடுண்ணே. மாமன் வீட்டு பிளக்ஸ யாருண்ணே வைப்பா? மாமன் வீட்டுக்காரங்கதான வைக்கணும்? அவங்க பிளக்ஸு கோயில் வாசல்ல. நம்ம பிளக்ஸு பஸ் ஸ்டாப்புல, சீர் தூக்குற எடத்துல. ஒன் படத்த அவங்க போட்டா, மாமனுக்குச் சொந்தமா பிளக்ஸு வைக்க வக்கில்லன்னு ஊரு சிரிக்காது? அதாண்ணே அசிங்கம்!”

“இது எப்பருந்துலே?”

“நீ போனதுக்கப்புறம் வந்ததுண்ணே. இப்ப எல்லா விசேஷத்துலயும் இதான்.”

சொல்லிவிட்டுக் கேமராவைத் திருப்பினான். பிளக்ஸ் கடைச் சுவர் முழுக்க நான். கோட்டு போட்டிருந்தேன். தலைக்குமேல் விமானம், ஒருபக்கம் சிங்கம், பின்னால் ஈபிள் கோபுரம். ‘சீமையிலிருந்து சீரோடு வருகிறார் எங்கள் தாய்மாமன்’ என்று ஆளுயர எழுத்து.

“ஏலே, அது பாரிஸுடா.”

“பக்கத்துலதானண்ணே?”

நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.  அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“அண்ணே, அக்கா ரொம்ப அழுதுருச்சு. ஒன் மடியில பாப்பா உக்கார வேணாங்குது. என்னைய உக்காரச் சொல்லுது. நான் முடியாதுன்னுட்டேன். ஆனா அக்கா ஒரே பிடியா நிக்குது.”

ஈடுசெய்ய முடியாத நபரை, செண்டுமல்லி விற்கும் தம்பியை வைத்து ஈடுசெய்துவிட்டார்கள். இரண்டு நாளில்.

6

கவிதாவுக்குச் செய்தி எழுத உட்கார்ந்தேன். ‘மன்னித்துவிடு’ என்று அழகாகத்தான் தொடங்கும். நாலாவது வரியில் ‘இருந்தாலும்’ என்று ஒன்று வரும். ‘இருந்தாலும்’ வந்துவிட்டால் அதற்கப்புறம் குற்றப்பத்திரிகைதான். எழுதுவது, அழிப்பது, அவள் வந்திருக்கிறாளா என்று பார்ப்பது. தங்கை வீட்டு வாசலில் கதவைத் தட்டாமலே உளவு பார்த்துக்கொண்டிருந்தேன்.

மது என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். பள்ளியில் இதற்கெல்லாம் பாடம் இருக்கிறதாம்.

“அப்பா, இப்போது உங்களுக்கு என்ன உணர்வு?”

“கோபம்.”

“அதற்குக் கீழே?”

“கீழ என்ன கீழ, இது என்ன மாடி வீடா?”

“சொல்லுங்கள்.”

“அவமானம்.”

“அதற்குக் கீழே?”

“பசி.”

அவள் சிரிக்கவில்லை. காத்துக்கொண்டிருந்தாள். காத்திருப்பவர்களிடம் எனக்கு நகைச்சுவை எடுபடுவதில்லை.

“பயமா இருக்கும்மா” என்றேன். “நான் இல்லாமலே அங்க எல்லாம் நல்லா நடக்குது. பூப் பறிக்கிறாங்க, பிள்ளைய ஸ்கூல்ல விடுறாங்க, காது குத்துறாங்க. நான் இந்தப் போனுக்குள்ள நின்னு கைய ஆட்டிக்கிட்டே இருக்கேன். யாராவது பாத்தா அன்னைக்கு இருக்கேன்னு தோணுது.”

மது ஒரு விதி போட்டாள். செய்தி எழுதவேண்டும் என்று தோன்றினால் முதலில் எழுந்து தெருக்கோடி ரொட்டிக்கடைவரை போய்வர வேண்டும். வந்தபின்பும் தோன்றினால் எழுதலாம். நான் போனேன், வந்தேன். தோன்றியது. மறுபடி போனேன். வெறுங்கையோடு வரக் கூச்சமாக இருந்ததால் ஒவ்வொரு தடவையும் ஏதாவது வாங்கினேன். கடைக்காரப் பெண், வீட்டில் விருந்தாளிகள் தங்கியிருக்கிறார்களா என்று விசாரித்தார். ரேவதி மேசையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள், “கோவம் கொறையுதோ என்னமோ, ரொட்டி கூடுது.”

கடைசியில் மதுதான் தீர்ப்பு சொன்னாள். “நேரில் போய்ச் சொல்லுங்கள் அப்பா. நேரில் அத்தைக்கு முகம் இருக்கும். முகத்தைப் பார்த்து ‘இருந்தாலும்’ சொல்வது கடினம்.”

“நீயும் வாயேன்.”

“எனக்கு முகாம் இருக்கிறது. அடுத்த முறை வருகிறேன்” என்றாள். அடுத்த முறை என்று அவள் சொல்வது இது முதல்முறை இல்லை. அதைப்பற்றி இன்னொரு பயம் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றுதான் சமாளிக்க முடியும்.

7

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் இறங்கினதும் நேராகத் தங்கை வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தாள். “வா” என்றாள். சாப்பாடு போட்டாள். தட்டில் சோறு, குழம்பு. தொட்டுக்கொள்ள ஒரு வெஞ்சனம் இல்லை. அண்ணன் வருகிறான் என்றால் மூன்று வெஞ்சனம் வைத்து, நாலாவதுக்கு அப்பளம் பொரிப்பவள். சோற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

“என்ன பாக்குற? போன்ல அம்புட்டுப் பேசுன, இப்ப வாயில என்ன பூட்டா போட்டிருக்கு?”

“கவிதா, நான் வந்து…”

“என்கிட்ட சொல்லாத. யாரப் பேசுனியோ அவுககிட்டப் போய்ச் சொல்லு.”

உள்ளறைக் கதவோரம் யாழினி நின்று என்னைப் பார்த்தாள். ஐந்து வயது, ரெட்டைச் சடை. “செர்மனி மாமா ஏன் வெறுஞ்சோறு சாப்புடுறாரு?” என்று அம்மாவிடம் கேட்டாள். நான் கொண்டுபோயிருந்த சாக்லேட்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். கையில் வைத்துக்கொண்டு, “செல்வம் மாமா எப்ப வரும்?” என்றாள்.

கடைக்கு நடந்தேன். மாப்பிள்ளை ஒரு விவசாயிக்குக் கறுப்புக் குழாயை அளந்து வெட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். “வாங்க மச்சான். நல்லா இருக்கீங்களா? டீ சொல்லட்டுங்களா?” இவ்வளவு மரியாதையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? விவசாயி போகும்வரை காத்திருந்தேன். அவர் போவதாக இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து எங்கள் இரண்டுபேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முன்னாலேயே சொன்னேன்.

“மாப்ள, நான் பேசுனது தப்பு. பிளக்ஸு மொற எனக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தாலும் அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது.”

அவர் வெட்டின குழாயைச் சுருட்டினார். “எனக்கு ஒண்ணுமில்லீங்க மச்சான். எங்கப்பா கேட்டுப்போட்டாருங்க. அவருக்குக் காது மந்தமுங்களா, சத்தமா வச்சு ரெண்டு தடவ கேட்டாருங்க. தென்னந்தோப்ப வித்து இந்தக் கடைய வச்சுக் குடுத்தவரு அவருங்க. ‘பொண்ணு வீட்டுப் புண்ணியத்துல பொழைக்கிறமாமுல்ல’ன்னு கேட்டாருங்க. அன்னைக்கு அவரு சாப்புடல.”

 ஸ்டூலில் இருந்த விவசாயி “ச்சொ” என்றார்.

“மடி…” என்று இழுத்தேன்.

“அத நானோ கவிதாவோ சொல்லி என்னங்க பண்றதுங்க? பாப்பா எங்க உக்காருதோ உக்காரட்டுமுங்க” என்றார். சொல்லிவிட்டு டீக்குச் சொன்னார். மூன்று டீ. விவசாயிக்கும் சேர்த்து.

8

விழா அன்று, தொப்பம்பட்டிக்குப் போகிற வழியில், பேருந்து நிறுத்தத்தில் சிங்கத்தோடும் ஈபிள் கோபுரத்தோடும் நான் நின்றுகொண்டிருந்தேன். அதற்குக் கீழே நிஜ நான், வேட்டி சட்டையில், தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு மேளத்துக்குப் பின்னால் நடந்தேன். குட்டியானை வண்டியில் சீர் வந்தது. ஊர் வேடிக்கை பார்த்தது. பிளக்ஸில் இருப்பவனும் நடந்து வருகிறவனும் ஒரே ஆள்தானா என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டதும் என் காதில் விழுந்தது.

கோயில் வேப்பமரத்தடியில் மாப்பிள்ளையின் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாம்பாளத்தை இறக்கியதும் நேரே அவரிடம் போய்க் குனிந்தேன்.

“மாமா, மன்னிச்சிருங்க” என்றேன், மெதுவாக.

“ஆ?”

“மன்னிச்சிருங்க மாமா!”

“பன்னியா? எந்தப் பன்னி?”

மேளம் ஓய்ந்திருந்தது. வேறு வழியில்லை. மூச்சை இழுத்து, வாகன நிறுத்துமிடத்தில் கத்தின அதே குரலில் கத்தினேன். “நான் போன்ல பேசுனது தப்பு மாமா! உங்க உழைப்புலதான் மாப்ள நிக்கிறாரு! எம்மேலதான் தப்பு! மன்னிச்சிருங்க!”

பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். ஆடுகூடத் திரும்பியது. பெரியவர் என் முகத்தையே பார்த்தார்.

“ஏந்தம்பி, இதையும் போன்லயே சொல்லியிருந்தா ரெண்டு தடவ கேட்டிருப்பனுல்ல?” என்றார். பிறகு என் கையைப் பிடித்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். கொஞ்சநேரம் விடவில்லை. அவர் கை கரடுமுரடாக, சூடாக இருந்தது.

மொட்டை முடிந்தது. சந்தனம் பூசின தலையோடு யாழினியைத் தூக்கி வந்தார்கள். நானும் செல்வமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவன் இரண்டடி பின்னால் போனான். கவிதா குழந்தையை இறக்கிவிட்டாள். யார் மடி என்பதை அவளுக்கே விட்டுவிட்டாள். யாழினி எங்கள் இரண்டுபேரையும் பார்த்தாள். நான் பலகையில் உட்கார்ந்தேன். என்ன நினைத்தாளோ, வந்து என் மடியில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நிமிடம் சட்டைப்பையில் கைப்பேசி அதிர ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. அமுதா எதிரில் கைப்பேசியைப் பிடித்தபடி, “குழுவுல சேத்துட்டேன் தம்பி!” என்று ஜாடை காட்டினார். இவ்வளவு நாள் நான் பார்க்காத குழு நெஞ்சுக்குப் பக்கத்தில் ரோஜாப்பூவாகக் கொட்டிக்கொண்டிருந்தது. கை பரபரத்தது. கைக்குள் குழந்தை இருந்தாள்.

ஆசாரி குனிந்தார். இடது காதில் பொட்டு வைத்தார். திடீரென்று நிமிர்ந்தார்.

“அண்ணே, தொடைய ஆட்டாதீக. ஊசி வேற எங்கயாச்சும் போயிரும்.”

குனிந்து பார்த்தேன். ஆடிக்கொண்டிருந்தது. இயந்திரம் நின்றால் பதறாத மனிதனின் இரண்டு தொடையும் தையல் மிஷின் மாதிரி ஆடின. நிறுத்தினேன். நின்றதாகத்தான் நினைத்தேன். ஆசாரி ஒரு குத்து. யாழினி வீறிட்டாள். என் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள், அழுகையை நிறுத்தினாள்.

“இந்த மாமா அழுவுது. ஆடுது” என்று எல்லாருக்கும் அறிவித்தாள். “செல்வம் மாமாகிட்டப் போறேன்.”

சுற்றிலும் கைப்பேசிகள் உயர்ந்திருந்தன. எல்லாம் என் முகத்தைப் பார்த்து. உள்ளே அது வந்தது. வாகன நிறுத்துமிடத்தில் வந்த அதே சூடு, அதே வேகம். கோபம் என்று பெயர் வைத்தேன். அதற்குக் கீழே அவமானம். அதற்குக் கீழே பயம். அதற்கும் கீழே ஒரு குழந்தை, ஒரு காதில் ரத்தப் பொட்டோடு, ஆடாத மடி கேட்டுக்கொண்டிருந்தது. அது சரியான கோரிக்கைதானே?

“ஏலே செல்வம், வந்து உக்காரு.”

“வேணாம்ண்ணே, அது ஒன் மொற.”

“மொறையாவது மண்ணாவது. எந்தொடை நிக்க மாட்டேங்குதுலே. உக்காரு.”

எழுந்தேன். அவன் உட்கார்ந்தான். குழந்தையை அவன் மடியில் வைத்தேன். போய்விடாமல் எதிரில் மண்டிபோட்டு உட்கார்ந்து, அசையாமல் இருக்க அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சந்தனம் குளிர்ச்சியாக இருந்தது. ஆசாரி வலது காதில் குத்தினார். யாழினி கைக்குக் கிடைத்ததைக் கடித்தாள். கிடைத்தது என் உள்ளங்கை ஓரம். நன்றாகவே கடித்தாள். கையை இழுத்தால் தலை ஆடிவிடும். இழுக்கவில்லை.

கம்மல் மாட்டி முடியும்வரை கடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு விட்டாள். மாப்பிள்ளை என் பக்கத்தில் குனிந்தார்.

“வலிக்குதுங்களா மச்சான்?”

“வலிக்குது மாப்ள.”

அவர் சிரித்துவிட்டார். கடையில்கூடச் சிரிக்காதவர். கவிதா ஓடிவந்து என் கையைப் பிடித்துப் பார்த்து, “ஐயோ, பல்லுப் பதிஞ்சிருச்சே” என்று முந்தானையால் ஒற்றினாள். அழுதாளா சிரித்தாளா என்று சொல்லத் தெரியவில்லை.

அமுதா தன் கைப்பேசியையே பார்த்தபடி நின்றிருந்தார். “ஐயையோ, ரெக்கார்டு அமுக்கவே இல்லையே! ஏனுங்க ஆசாரி, இன்னொருக்காக் குத்துவீங்களா?”

யாழினி செல்வத்தின் மடியில் இருந்தபடி மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னைக் கைகாட்டினாள்.

“செர்மனி மாமாவுக்குக் குத்துங்க.”

ஆசாரி ஊசியோடு என் பக்கம் திரும்பினார்.